தாமதத்தை எங்கிருந்து அளப்பது?

2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் சாங்கி சிறையில் நாகேந்திரன் தர்மலிங்கம் தூக்கிலிடப்பட்டார். சரியாக 21 நாள் கழித்து, மே 18 அன்று, டெல்லியில் உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது.

இரண்டு வழக்குகளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒருவர் மலேசியத் தமிழர். இருபதுகளின் தொடக்கத்தில், 42.72 கிராம் ஹெராயினைத் தொடையில் கட்டிக்கொண்டு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிக்கு வந்து மாட்டியவர். இன்னொருவர் ஜோலார்பேட்டைக்காரர், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 19 வயதில் கைதானவர். சட்டம் வேறு, நாடு வேறு, குற்றச்சாட்டு வேறு. ஆனாலும் அந்த மே மாதம் சிராங்கூன் சாலையில் சாப்பாட்டு மேசைகளில் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் பேசினார்கள். "அங்க 31 வருஷம் கழிச்சாவது வெளிய விட்டான். இங்க பாருங்கண்ணே" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "31 வருஷம் உள்ள வச்சதும் அவன்தான தம்பி" என்று எதிரில் இருப்பவர் முடிப்பார். இரண்டுமே நியாயமான பேச்சுதான்.

எனக்கு அதில் உறுத்தியது ஒரு எண். பேரறிவாளனும் மற்றவர்களும் குடியரசுத் தலைவருக்குக் கருணை மனு அனுப்பியது 2000 ஏப்ரலில். அது நிராகரிக்கப்பட்டது 2011 ஆகஸ்டில். 11 ஆண்டும் கொஞ்ச மாதங்களும். 2014இல் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய தூக்கை ஆயுளாகக் குறைத்தது அந்த 11 ஆண்டுகளைக் காரணம் காட்டித்தான். நாகேந்திரனுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது 2010 நவம்பரில். நிறைவேற்றப்பட்டது 2022 ஏப்ரலில். இதுவும் 11 ஆண்டும் கொஞ்ச மாதங்களும்தான். ஒரே நீளமுள்ள காலம் ஒரு ஊரில் உயிரைக் காப்பாற்றுகிறது, இன்னொரு ஊரில் கணக்கிலேயே வரவில்லை. அப்படியென்றால் "நியாயமற்ற தாமதம்" என்று ஒரு நீதிமன்றம் சொல்லும்போது அது எதை அளக்கிறது?

நான் வேலை பார்க்கும் துறையில் தாமதத்தை அளக்காமல் ஒரு நாளும் போகாது. ஒரு கோரிக்கை சர்வருக்குப் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் என்று பார்ப்பதற்கு முன்னால், கடிகாரத்தை எங்கே ஆரம்பித்து எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். வரிசையில் நின்ற நேரத்தை விட்டுவிட்டு அளந்தால் எல்லா சர்வரும் வேகமானதுதான். நீதிமன்றங்களின் தாமத வரலாற்றைப் படிக்கப் படிக்க, அங்கேயும் சண்டை இதைப் பற்றித்தான் என்று தெரிந்தது. எத்தனை வருஷம் என்பதைவிட எந்த வருஷங்கள் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைப் பெரிதாகக் கிளப்பிய வழக்கு சென்னையிலிருந்து போனது.

வைத்தீஸ்வரன் எதிர் தமிழ்நாடு அரசு, 1983. கதையைக் கேட்டால் அனுதாபம் சுலபத்தில் வராது. வைத்தீஸ்வரனும் கூட்டாளிகளும் சுங்க அதிகாரிகள் போல நடித்து, சென்னைக்கு வருபவர்களை விசாரணை என்ற பெயரில் கூட்டிப்போவார்கள். தூக்க மாத்திரை கொடுத்து, பணத்தையும் நகையையும் எடுத்துக்கொண்டு, ஆளையும் முடித்துவிடுவார்கள். முதன்மைக் குற்றவாளியான அவருக்கு 1975 ஜனவரியில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அதற்கு முன்பே 2 ஆண்டு விசாரணைக் கைதி. தண்டனைக்குப் பிறகு 8 ஆண்டு தனிமைச் சிறை. அந்தத் தனிமைச் சிறையே சட்டத்துக்குப் புறம்பானது.

1983 பிப்ரவரியில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி. குற்றம் கொடூரமானது என்பதை அவர் மழுப்பவில்லை. அதைச் சொல்லிவிட்டு, தூக்குக்காகக் காத்திருப்பது மனிதனை என்ன செய்யும் என்ற இடத்துக்கு நகர்கிறார். தாமதத்துக்குக் காரணம் மேல்முறையீடா, கருணை மனுவா, கைதி தானே இழுத்தடித்ததா என்பதெல்லாம் பொருட்டில்லை என்கிறார். காத்திருப்பின் சித்திரவதை காரணத்தைப் பார்த்துக் குறையப்போவதில்லையே. அதனால் ஒரு எண்ணைக் குறித்தார்: 2 ஆண்டு. தண்டனை விதித்து 2 ஆண்டுக்கு மேல் போனால், அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவைக் காட்டி ஆயுளாகக் குறைக்கக் கேட்கலாம். கடிகாரம் கீழ்க்கோர்ட்டில் ஓட ஆரம்பிக்கிறது, எதற்காகவும் நிற்காது. இவ்வளவு எளிய அளவுகோலை இந்தத் துறையில் வேறெங்கும் நான் படித்ததில்லை.

அது ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. அடுத்த மாதமே ஷேர் சிங் என்ற பஞ்சாப் வழக்கில் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு அந்த 2 ஆண்டுக் கணக்கை ஏற்க மறுத்தது. மேல்முறையீடுகள் முடியவே அதைவிட அதிகக் காலம் பிடிக்கிறது, அப்படியானால் யாரையும் தூக்கிலிட முடியாது; கைதிகள் மனுமேல் மனு போட்டுத் தாங்களே காலத்தை ஓட்டிவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நீதிமன்றங்கள் மெதுவானவை என்பதை ஒப்புக்கொண்டு, அதையே அளவுகோலை வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணமாக்குகிறது.

முரண்பாட்டைத் தீர்க்க ஐந்து நீதிபதிகள் அமர்ந்தார்கள். குஜராத்திலிருந்து வந்த திரிவேணிபென் வழக்கு. விரிவான தீர்ப்பு 1989இல் வந்தது. குறிப்பிட்ட எண் எதுவும் கிடையாது, ஆனால் தாமதம் கணக்கில் வரும் என்றார்கள். எந்தத் தாமதம்? உச்ச நீதிமன்றம் கடைசியாகத் தீர்ப்புச் சொன்ன பிறகு, கருணை மனு மேசையில் கிடந்த காலம் மட்டும். அதற்கு முன்னால் கோர்ட்டுகளில் கழிந்த காலம் நியாயமான விசாரணைக்குத் தேவையான காலம், அது கணக்கில் வராது. அதாவது அமைச்சகம் கோப்பின் மேல் உட்கார்ந்திருந்தால் தாமதம். நீதிமன்றம் உட்கார்ந்திருந்தால் விசாரணை.

வரிசையில் நின்ற நேரத்தை விட்டுவிட்டு அளப்பது என்று சொன்னேனே, இதுதான் அது. அளப்பவரே தன்னுடைய நேரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை; அந்தத் தீர்ப்புதான் பின்னால் பல உயிர்களைக் காப்பாற்றியது. 2014 ஜனவரி 21 அன்று சத்ருகன் சவுகான் வழக்கில் தலைமை நீதிபதி ப. சதாசிவம் அமர்வு 15 பேரின் தூக்கை ஆயுளாக்கியது. அவர்களில் வீரப்பன் கூட்டாளிகள் என்று தண்டிக்கப்பட்ட 4 பேரும் உண்டு. 9 ஆண்டு கிடப்பில் இருந்த கருணை மனு அவர்களுடையது. நான்கு வாரம் கழித்து அதே தலைமை நீதிபதியின் அமர்வுதான் ராஜீவ் வழக்குக் கைதிகளின் தூக்கையும் குறைத்தது. அரசாங்கத்தின் சோம்பேறித்தனம் அளவுக்கு உட்பட்டது. கோர்ட்டின் சோம்பேறித்தனத்துக்கு அன்றும் அளவு இல்லை.

நீதிமன்றத்தின் நேரத்தையும் கணக்கில் சேர்க்கச் சொன்ன குரல் ஜமைக்கா வழக்கு ஒன்றிலிருந்து வந்தது. சிங்கப்பூருக்கு வர அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

ஏர்ல் ப்ராட், ஐவன் மோர்கன் இருவருக்கும் 1979இல் தூக்குத் தண்டனை. மேல்முறையீடு 1980 டிசம்பரில் தள்ளுபடி ஆனது. காரணங்களை எழுத்தில் பிறகு தருகிறோம் என்றார்கள். அந்தக் காரணங்கள் வந்தது 1984 செப்டம்பரில். 3 ஆண்டு 9 மாதம். கோப்பு நீதிபதியின் அறையில் மறந்துபோய்க் கிடந்தது. எழுத்தில் காரணம் இல்லாமல் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலுக்கு உருப்படியாக அப்பீல் போக முடியாது. எனவே இரண்டு பேரும் சாவுக் கொட்டடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் போனார்கள். 1989 ஏப்ரலில் குழு சொன்னது: இது தாமதம்தான், இதற்குப் பொறுப்பு ஜமைக்கா அரசுதான்; கைதிகளின் வக்கீல் நினைவுபடுத்தவில்லை என்பதெல்லாம் பதிலாகாது.

1993 நவம்பர் 2 அன்று பிரிவி கவுன்சில் இன்னும் ஒரு படி மேலே போனது. 14 ஆண்டில் மூன்று முறை இவர்களுக்குத் தூக்கு நாள் குறித்து, மூன்று முறையும் கடைசி நேரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். தண்டனை விதித்து 5 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டால் அது மனிதத்தன்மையற்ற தண்டனை என்று கருத வலுவான காரணம் உண்டு என்றது கவுன்சில். மேல்முறையீட்டுக் காலத்தையும் சேர்த்துத்தான் அந்த 5 ஆண்டு. சின்னப்ப ரெட்டியின் கடிகாரம் ஒரு வகையில் கரீபியனில் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அந்தத் தேதியில் சிங்கப்பூருக்கும் பிரிவி கவுன்சில்தான் கடைசிப் படி. ஏற்கெனவே பாதி மூடப்பட்ட படி என்பது வேறு விஷயம். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜே.பி. ஜெயரத்தினத்தை 1988இல் பிரிவி கவுன்சில் மறுபடி வழக்கறிஞராக்கி, அவருக்கு அநீதி நடந்ததாகவும் சொன்னது. அதற்கு அடுத்த ஆண்டே அங்கே போகும் உரிமை சுருக்கப்பட்டது. 1994 ஏப்ரல் 8 முதல் முழுவதுமாக ரத்து. ப்ராட் தீர்ப்புக்கும் இதற்கும் முடிச்சுப் போடும் எண்ணம் எனக்கு இல்லை. அந்த வேலை முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் விளைவு விளைவுதான். 5 ஆண்டுக் கணக்கு லண்டனில் பிறந்து ஐந்தே மாதத்தில், அது சிங்கப்பூரைக் கட்டுப்படுத்தாமல் போனது.

1995இல் அதைச் சோதித்துப் பார்த்தவர் ஜப்பார் பின் காதர் மஸ்தான். கொலைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டு 5 ஆண்டுக்கு மேல் காத்திருந்தவர். அன்றைய உச்ச நீதிமன்றக் கட்டடம் இன்று தேசியக் கலைக்கூடம். ஓவியம் பார்க்கப் போகிறவர்கள் பழைய கைதிக் கொட்டடியையும் எட்டிப் பார்க்கலாம். ஜப்பார் தரப்பு ப்ராட் தீர்ப்பையும் இந்தியத் தீர்ப்புகளையும் முன்வைத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. சிங்கப்பூர் அரசியல் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சட்டப்படி அல்லாமல் உயிரைப் பறிக்கக்கூடாது என்கிறது. சட்டம் செல்லுபடியானதாக இருந்தால் போதும், அது நியாயமானதா, நேர்மையானதா என்று கேட்கும் வேலை எங்களுக்கில்லை என்பதே பதிலின் சாரம். இந்தியாவின் 21ஆம் பிரிவும் நம் 9ஆம் பிரிவும் கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகள். அங்கே அந்த வார்த்தைகளுக்குள் "நியாயமான நடைமுறை" என்ற பொருளை நீதிபதிகள் வாசித்தார்கள். இங்கே வாசிக்க மறுத்தார்கள்.

இந்தத் தீர்ப்பு வந்தபோது சிங்கப்பூரின் தலைமை நீதிபதி யார் என்பது முக்கியம். யோங் பங் ஹாவ். வங்கித் தலைவராக இருந்து 1990இல் தலைமை நீதிபதியானவர். அவர் வந்தபோது உயர் நீதிமன்றத்தில் 2000க்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடந்தன. ஒரு சிவில் வழக்கு முடிய வருஷக்கணக்காகும். இன்றைய சிங்கப்பூரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம். அவர் வாய்தா கேட்கும் பழக்கத்தை ஒடுக்கினார். இரவு நீதிமன்றம் வைத்தார். ஒவ்வொரு வழக்கும் எங்கே நிற்கிறது என்று நீதிமன்றமே துரத்திப் பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் தேக்கம் கரைந்தது. உலக வங்கி இதைப் பற்றி ஆய்வு வெளியிட்டு மற்ற நாடுகளுக்குப் பாடமாகச் சொன்னது.

தாமதத்தை இவ்வளவு வெறுத்த ஒருவர் தலைமை நீதிபதியாக இருந்த காலத்தில்தான், தாமதத்தால் ஒரு மனிதனுக்கு எந்த உரிமையும் பிறப்பதில்லை என்ற தீர்ப்பும் வந்தது. முதலில் முரணாகத் தெரிந்தது. யோசித்தால் முரண் இல்லை. இங்கே தாமதம் என்பது நிர்வாகக் கோளாறு. எம்ஆர்டி நின்றுபோவது மாதிரி. மேலிருப்பவர் கவனித்துச் சரிசெய்வார், நன்றாகவே சரிசெய்வார். ஆனால் நடைமேடையில் நிற்பவருக்கு அதை வைத்து வழக்காட இடமில்லை. இந்தியாவில் நேர்மாறு. தாமதம் அங்கே உரிமை மீறல். அதைப் பற்றி அற்புதமான தீர்ப்புகள் உண்டு. 1979இல் பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் கிடந்தவர்களுக்காக வந்த ஹுசைனாரா காத்தூன் தீர்ப்பு இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் கீழ்க்கோர்ட்டுகளில் 4 கோடிக்கு மேல் வழக்குகள் தேங்கியிருக்கின்றன. கிரிமினல் விசாரணைகளுக்குக் கால வரம்பு வைத்த சில தீர்ப்புகளை 2002இல் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து ரத்தும் செய்துவிட்டார்கள். ஒரு ஊரில் வேகம் இருக்கிறது, உரிமை இல்லை. இன்னொரு ஊரில் உரிமை இருக்கிறது, வேகம் இல்லை. எதில் பிறப்பது நல்லது என்று என்னைக் கேட்டால், சிவில் வழக்கு என்றால் சிங்கப்பூர் என்று யோசிக்காமல் சொல்வேன். உயிர் போகிற வழக்கு என்றால் அவ்வளவு சீக்கிரம் சொல்லமாட்டேன்.

தாமதத்தை வெளியிலிருந்து ஒருவர் அளந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு நம்மவர்களிடையே உள்ள நல்ல உதாரணம் இலங்கையில் இருக்கிறது. தமிழர்கள் கணிசமாக வாழும் நான்கு நாடுகளை எடுத்துக்கொண்டால், சிங்கப்பூரும் மலேசியாவும் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் சேரவில்லை. இந்தியா 1979இல் சேர்ந்தது. ஆனால் தனி மனிதர் ஜெனிவாவுக்கு முறையிட வழிசெய்யும் விருப்ப நெறிமுறையில் சேரவில்லை. இலங்கை மட்டும்தான் இரண்டிலும் சேர்ந்தது, 1980இலும் 1997இலும்.

அந்தக் கதவு வழியாகப் போனவர் நல்லரத்தினம் சிங்கராசா. மட்டக்களப்புப் பக்கத்து இளைஞர். 1993 ஜூலை 16 அன்று, 150 தமிழர்களை வாரிக்கொண்டு போன ஒரு சுற்றிவளைப்பில் கைதானார். பயங்கரவாதத் தடைச் சட்டம். சித்திரவதை செய்தார்கள் என்றார். அவருக்குத் தெரிந்தது தமிழ் மட்டும். ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. அதில் அவருடைய கைநாட்டு. வேறு சாட்சியம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வாக்குமூலம் வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் அந்தச் சட்டப்படி அவருடையதே. 1995இல் கொழும்பு உயர் நீதிமன்றம் 50 ஆண்டு கொடுத்தது. 1999 ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 35 ஆக்கியது. 2000 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது.

ஜெனிவாவின் முதல் நிபந்தனை, உள்ளூரில் எல்லாப் படியும் ஏறி இறங்கிவிட்டுத்தான் எங்களிடம் வரவேண்டும் என்பது. நியாயம்தான், இல்லாவிட்டால் எல்லோரும் நேராக அங்கே போய்விடுவார்கள். அதற்கு ஒரே விலக்கு: உள்ளூர்ப் படிகள் நியாயமற்ற அளவுக்கு இழுக்கப்பட்டால் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த "நியாயமற்ற அளவு" எத்தனை ஆண்டு என்று எங்கும் எழுதவில்லை. வழக்கு எவ்வளவு சிக்கலானது, குற்றம் சாட்டப்பட்டவர் எப்படி நடந்துகொண்டார், அதிகாரிகளும் நீதிமன்றமும் எப்படிக் கையாண்டார்கள் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் எழுபதுகளிலேயே இதே போக்கு வந்துவிட்டது.

இதைப் படிக்கும்போது எண் சொல்லாத அளவுகோல் எல்லாம் ஏமாற்று என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் எண் பிடிக்கும். ஆனால் ஜெனிவா முறையின் நுட்பம் மூன்று அம்சங்களில் இல்லை, யார் பதில் சொல்ல வேண்டும் என்பதில் இருக்கிறது. காலம் கணிசமாகப் போய்விட்டது என்று தெரிந்தால் போதும், ஏன் போனது என்று விளக்க வேண்டியது அரசு. சிங்கராசாவின் தண்டனைக்கும் உச்ச நீதிமன்றத்தின் கடைசி மறுப்புக்கும் நடுவில் 4 ஆண்டு 4 மாதம். 2004 ஜூலை 21 அன்று குழு தந்த முடிவில் அந்தக் காலத்தைப் பற்றி இருப்பது சில வரிகள்தான். அவற்றின் ஆதாரம் இவ்வளவே: இந்தத் தாமதத்துக்கு இலங்கை விளக்கம் தரவில்லை, எனவே இது மீறல். கோர்ட்டில் கழிந்த காலம் என்பதால் அது கணக்கிலிருந்து தப்பவில்லை. திரிவேணிபென் ஒதுக்கிவைத்த அதே நேரம்.

விளக்கம் என்றால் எந்த விளக்கமும் போதாது. பொலிவியா தன் தாமதத்துக்குப் பணமில்லை என்று சொன்னது. 1991இல் குழு அதைக் காரணமாக ஏற்கவில்லை. 2002இல் கந்தானைப் போலீசாரின் சித்திரவதையில் நினைவிழந்த ஒரு சிங்கள இளைஞரின் வழக்கில், விசாரணை உள்ளூரில் நடந்துகொண்டுதானே இருக்கிறது, ஏன் இங்கே வந்தார் என்று இலங்கை கேட்டது. நீதிமன்றங்களுக்கு எவ்வளவு வேலைச்சுமை தெரியுமா என்றும் சொன்னது. அப்படியானால் இது இப்போதைக்கு முடியாது என்று நீங்களே சொல்கிறீர்கள் என்று குழு அந்த வாதத்தைத் திருப்பிவிட்டது, 2006 ஜூலையில். ஷேர் சிங் வழக்கில் அளவுகோலை உடைக்கப் பயன்பட்ட அதே செய்தி இங்கே அரசுக்கு எதிரான சாட்சியமானது.

சிங்கராசா கதை அங்கே முடியவில்லை. ஜெனிவா முடிவை வைத்துக்கொண்டு அவர் மறுபடி கொழும்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2006 செப்டம்பர் 15 அன்று தலைமை நீதிபதி சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு, 1997இல் ஜனாதிபதி அந்த நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. மக்களின் நீதித்துறை அதிகாரத்தை வெளியாருக்குக் கொடுக்க ஜனாதிபதிக்கு உரிமையில்லையாம். கடிகாரம் தப்பாக ஓடுகிறது என்றுகூடச் சொல்லவில்லை. சுவரில் கடிகாரமே இல்லை என்றுவிட்டார்கள். இலங்கை அந்த நெறிமுறையிலிருந்து விலகவும் இல்லை. ஆகவே ஜெனிவாவைப் பொறுத்தவரை கதவு திறந்திருக்கிறது, கொழும்பைப் பொறுத்தவரை அங்கே கதவே கிடையாது.

இனி அந்த இரண்டு 11 ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ராஜீவ் வழக்குக் கைதிகளின் 11 ஆண்டு வெறும் கிடப்பு. ராஷ்டிரபதி பவனுக்கும் உள்துறைக்கும் நடுவில் கோப்பு தூங்கிய காலம். நாகேந்திரனின் 11 ஆண்டு அப்படியில்லை. 2011இல் மேல்முறையீடு தள்ளுபடி. 2012இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டு, வெறும் கடத்தல் கூரியராக இருந்தவர்களுக்கு ஆயுள் தண்டனை கொடுக்க வழி வந்தது. அந்த வழியில் அவர் போட்ட மனு 2017இல் உயர் நீதிமன்றத்திலும் 2019இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. அவருடைய நுண்ணறிவு எண் 69 என்ற மதிப்பீடு அந்த வழக்குகளில்தான் பேசப்பட்டது. பிறகு கருணை மனு நிராகரிப்பு. 2021 நவம்பர் 10 என்று தூக்கு நாள் குறித்து, அவருக்குக் கோவிட் வந்ததால் நின்றது. இவற்றில் பெரும்பகுதி கோர்ட்டுகளில் கழிந்த காலம். நேர்மையாகச் சொன்னால், திரிவேணிபென் கணக்குப்படி டெல்லியில்கூட அதில் பெரும்பகுதி கழிக்கப்பட்டிருக்கும். சின்னப்ப ரெட்டியின் 1983 கணக்கில் எல்லாமே சேர்ந்திருக்கும். ப்ராட் கணக்கில் 2015 இறுதியிலேயே 5 ஆண்டு முடிந்திருக்கும். தேக்காவில் அந்த மேசையில் பேசியவர்கள் இரண்டு நாடுகளை ஒப்பிட்டார்கள். உண்மையில் ஒப்பிட வேண்டியது இந்த நான்கு கடிகாரங்களை.

நாகேந்திரன் தரப்பு கடைசியில் வாதாடியது தாமதத்தை வைத்து அல்ல. அவருடைய மனநிலையை வைத்து. ஆனால் 2022 மார்ச் 29 அன்று தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான அமர்வு மனுக்களைத் தள்ளியபோது தாமதம் என்ற விஷயம் வேறு திசையிலிருந்து உள்ளே வந்தது. தூக்கு நாள் குறித்த பிறகு, முன்பே சொல்லியிருக்கக்கூடியதைச் சொல்லிக்கொண்டு வருவது நீதிமன்ற நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துவது என்றது தீர்ப்பு.

அதே ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. மேல்முறையீடு முடிந்த தூக்குத் தண்டனைக் கைதி இனி எந்த மனு போட்டாலும் முதலில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி தரும் முன் நீதிமன்றம் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று, மனு போடுவதில் தாமதம் இருந்ததா, இருந்தால் ஏன் என்பது. இலங்கை அரசிடம் ஜெனிவா கேட்ட கேள்விதான். சாங்கியில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கைதி.